ஒருவர் மீதி

"ஏழால போகலையா? அப்போ எட்டால வகுங்க! எட்டும் இல்லேன்னா ஒன்பது! கணக்கை நாமதானேய்யா போடுறோம்?"

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஊரைச் சம வார்டுகளாகப் பிரிக்க வேண்டும், ஒரு வார்டில் ஓர் ஆள்கூடக் கூடக்குறைய இருக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. மக்கள்தொகை அறிக்கையின் மூன்றாம் பக்கத்து அடியில் 100003 என்று இருந்தது. ஊர் லட்சத்தைத் தாண்டிய பெருமையில் அதிகாரி வாசலில் புதுப் பலகையே மாட்டியிருந்தார்.

எழுத்தர் வகுத்து வகுத்துக் கை ஓய்ந்துபோனார். கடைசியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள்.

"இது பகா எண் சார். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாது. ஊரே ஒரு வார்டு, இல்லேன்னா ஆளுக்கொரு வார்டு."

"யாரைக் கேட்டு அது பகா எண் ஆச்சு?" அதிகாரி எழுத்தரை முறைத்தார். "ஒரு ஆளைக் குறைங்க. முடியலைன்னா உங்களையே வெளியூருக்கு மாத்திடுவேன்."

எழுத்தர் சொந்த வீடு கட்டிக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் புது வீட்டுச் சோபாவில் நிரந்தரமாகப் படுத்திருக்கும் மைத்துனன் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அவனைப் பஸ் ஏற்றிவிட்டார்.

100002. ஏழால் கச்சிதமாக வகுபட்டது. ஏழு வார்டு என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

"என் தம்பி எங்கே?" என்றாள் மனைவி.

"அவன் மீதிம்மா. அதனால..."

"என் கூடப்பொறந்தவன் உங்களுக்கு மீதியா?"

மகளையும் இழுத்துக்கொண்டு வெளியூரிலிருந்த பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். 100000.

மறுநாள் அதிகாரி கத்தினார். "முன்னாடி ஒருத்தர்தான் மிச்சம். இப்போ அஞ்சு பேருய்யா! உங்க வீட்டுச் சண்டையில ஊரே வகுபடாமப் போச்சு!"

எழுத்தர் மாமனார் வீட்டுக்கு ஓடி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். தம்பி இல்லாமல் வர மாட்டேன் என்றாள். மூவருமாக வந்து சேர்ந்தார்கள். மைத்துனன் நேராகச் சோபாவுக்குப் போனான். மறுபடியும் 100003.

"குடும்பம் இங்கேயே இருக்கட்டும். நீங்க மட்டும் கிளம்புங்க," என்று அதிகாரி மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா உத்தரவைக் கொண்டுவந்து நீட்டினார். எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியைப் படித்தார்.

"ஏம்மா, வேலையில சேர வேண்டிய தேதி 51னு அடிச்சிருக்கீங்களே, அது எந்த மாசத்துலம்மா வருது?"

"அஞ்சாம் தேதிதான் சார். அந்த ஒண்ணு பக்க நம்பர். இடம் இல்லேன்னா ஒட்டிப் போட்டுடுவேன், அன்னிக்கு ஊர் ஜனம் பத்தாயிரம்னு அடிச்சு பக்கத்துலயே மூணு போட்டேனே, அது மாதிரி."