விற்பவர் ஞாயிறுதோறும் வருவார்

என் நாற்காலியை எந்தக் காரணம் கொண்டும் விற்பதில்லை என்று முடிவு செய்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது முடிவாக இருந்திருக்காது, விசாரணை ஆகியிருக்கும். அதனால் அவளிடம், "சரி, வித்துடலாம்" என்று சொன்னேன்.

நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடத்து ஜன்னலோரம் கிடக்கும் பெரிய சாய்வு நாற்காலி அது. பக்கவாட்டில் ஒரு பிடி உண்டு. இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் முன்னால் வரும், உலகம் காணாமல் போகும். வாரம் முழுக்க நான் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் புகார்ப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். 'மோட்டாருக்கு வாரண்டி உண்டு, இறக்கைக்குக் கிடையாது' என்று மரியாதையாக எழுதுவதுதான் வேலை. நான் பதில் எழுதிய ஆள் மறுபடி எழுதியதாகச் சரித்திரம் இல்லை. அப்படி உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நாற்காலியில் விழுந்தால், இருட்டின பிறகுதான் எழுந்திருப்பேன். அந்த நேரத்தில் என் மனைவி எங்கே சாய்வாள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் கண் திறக்கும்போதெல்லாம் அவள் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

அவளுக்கு அந்த நாற்காலி மேல் இரண்டு புகார். ஒன்று, அது இடத்தை அடைக்கிறது. இன்னொன்று, அது என்னை அடைக்கிறது.

என் மாமனார் ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருக்கிறார். மாமியார் போய் ஒரு வருஷம் ஆகிறது. மனைவி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள். போகும்போதெல்லாம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளை வரலையா?"

மாப்பிள்ளை வராததற்குக் காரணம் இருந்தது. மாமனார் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் அடித்த வழக்குகளையெல்லாம் இப்போது வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதையை மட்டும் சொன்னால் பரவாயில்லை. வாய்தா வாங்கிய தேதிகளைக்கூட விடமாட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பாத்துட்டு வரலாமா?"

"இந்த வாரம் ரொம்ப அசதியா இருக்கும்மா."

"போன வாரமும் அசதியாத்தான இருந்துச்சு?"

"அதே அசதிதான். இன்னும் போகல."

"இந்த நாற்காலி இருக்கிற வரைக்கும் அது போகாது. வித்துத் தொலைங்க."

அப்போதுதான் நான் அந்தப் பிரசித்தமான 'சரி'யைச் சொன்னேன். கூடவே ஒன்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ஆனா ஆன்லைன்ல விளம்பரம் நான்தான் எழுதுவேன். நிபந்தனையும் நான்தான் போடுவேன்."

"நீங்கதான் போடணும். எனக்கு அதெல்லாம் எங்க வருது?"

இத்தனை சுலபமாக அவள் எதையும் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

என் திட்டம் எளிமையானது. பொருளைப் பற்றி உண்மையைச் சொன்னால் எவன் வாங்குவான்? பூசி மெழுகாமல் எழுதினேன்: 'பழைய சாய்வு நாற்காலி. நிஜமாகவே பழையது. சாயும்போது கத்தும். நிமிரும்போது யோசிக்கும். பிடி அடிக்கடி சிக்கும். சிக்கினால் முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். எங்கே இடிப்பது என்பது பழகப் பழகத் தெரியும். இடது கையில் டீக் கறை. வலது கையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.' அதன் மேல் ஈரத்துண்டு காயப்போட்டிருந்த சமயத்தில், விளக்கை அணைத்துவிட்டு, ஒரு படம் எடுத்துப் போட்டேன். விலையைப் புது நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கீழே நிபந்தனைகள்: பேரம் கிடையாது. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, வாங்குபவரே இறக்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"என்ன சார் இது, விளம்பரமா, விபத்துப் பகுதின்னு போர்டு வச்சிருக்கீங்களா?"

"யாராவது வாங்குவாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

"நாற்காலியை விடுங்க. உங்க பக்கமே யாரும் வரமாட்டாங்க."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் போனைத் திறந்தால் செய்திகள் குவிந்து கிடந்தன. 'எல்லாரும் புளுகுறாங்க சார், நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்லியிருக்கீங்க, இன்னைக்கே வரவா?' என்று ஒருவர். 'டீக் கறையைக்கூட மறைக்காத மனுஷன் வேற எதை மறைக்கப் போறார்' என்று இன்னொருவர். வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாக இருந்தேன், அதற்கு இப்படி ஒரு தண்டனை.

நல்லவேளை, விலையைக் கேட்டு ஒருவர் விலகினார். மூன்றாவது மாடியைக் கேட்டு இன்னொருவர் விலகினார். மிச்சம் பேரை நானே கேள்வி கேட்டு விரட்டினேன். ஒரே ஓர் ஆள் மட்டும் நகரவில்லை. கணக்கில் அவர் வைத்திருந்த பெயர் 'காலிமூலை'.

'மேற்படி நாற்காலி தற்சமயம் தங்கள் வசம் உள்ளதா?' என்று கேட்டிருந்தார். யாரோ படித்த மனிதர் என்று நினைத்தேன். இதற்கு மேல் நினைக்காதது என் தப்பு.

'உள்ளது. பேரம் கிடையாது' என்றேன்.

'ஆட்சேபணை இல்லை.'

'பிடி தினமும் சிக்கும்.'

'ஆட்சேபணை இல்லை.'

'ஒருமுறை அதில் சாய்ந்தவர் எழுந்திருக்க அடுத்தவர் உதவி தேவைப்பட்டது.'

'எழுந்திருக்க அவசரம் ஏதும் இல்லை.'

எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, யாராவது கேக்கறாங்களா?"

"ஒருத்தர் கேக்கறார். பாவம், நல்ல மனுஷனாட்டம் இருக்கு. அவரை ஏமாத்தக் கூடாதுன்னு பாக்கறேன்."

"உங்களுக்குத்தான் அதைப் பிரிய மனசு வரல. பேசாம அப்பப்ப வந்து உக்காந்துட்டுப் போறேன்னு ஒரு நிபந்தனை போட்டுருங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எப்பேர்ப்பட்ட யோசனை. எந்த மனிதன் தன் வீட்டு நாற்காலியில் வாராவாரம் ஊர் பேர் தெரியாதவனை உட்கார வைப்பான்?

"ஞாயித்துக்கிழமைன்னு போடுங்க. மத்த நாள்ல உங்களுக்கு ஆபீஸ் இருக்கு" என்றாள், ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டே.

போட்டேன். 'விற்பவர் ஞாயிறுதோறும் மதியம் வருவார். நாற்காலியில் இருட்டும்வரை சாய்ந்திருப்பார். வாங்குபவர் அவருக்கு டீ கொடுக்க வேண்டும்.' அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தேன். நாற்காலி கத்தியது. கவலைப்படாதே, உன்னை யாரும் கொண்டுபோக முடியாது என்று அதைத் தட்டிக்கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'ஆட்சேபணை இல்லை. டீக்குச் சர்க்கரை எவ்வளவு?'

தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் நிதானமாக யோசித்தேன். யோசிக்க யோசிக்க மூளை பிரகாசித்தது. நாற்காலி வீட்டை விட்டுப் போகிறது, மனைவிக்குச் சந்தோஷம். ஞாயிறு மதியம் நான் யாரோ ஒருவர் வீட்டில் அதே நாற்காலியில் தூங்குகிறேன், எனக்குச் சந்தோஷம். அங்கே, "கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு, புதுசு மாட்டிக் குடுங்க" என்று எழுப்ப ஆளில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மாமனார் வீட்டுக்குக் கூப்பிட்டால், "ஞாயித்துக்கிழமை எனக்கு ஒப்பந்தம் இருக்கே" என்று சொல்லிவிடலாம். கோர்ட்டிலேயே பழம் தின்று கொட்டை போட்ட மனிதர், ஒப்பந்தத்தை மதிக்காமல் இருப்பாரா?

'இரண்டு ஸ்பூன்' என்று எழுதினேன்.

'எங்கள் தரப்பிலும் இரண்டு நிபந்தனைகள்' என்றது காலிமூலை. 'ஒன்று, ஒரு ஞாயிறும் தவறக் கூடாது. இரண்டு, வாங்குபவர் ஏதாவது பேசினால் விற்பவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதுமானது.'

"நல்லா யோசிச்சுக்கோங்க. எழுத்துல குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றாள் மனைவி.

"எனக்கா சொல்றே? நான் புகார்ப் பிரிவும்மா. நிபந்தனைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

'ஆட்சேபணை இல்லை' என்று நானும் எழுதினேன். பணம் உடனே வந்துவிட்டது, அவள் கணக்குக்கு. என் கணக்கு எண் எனக்கு எப்போதுமே ஞாபகம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன வேன் வந்தது. அதில் வந்த இரண்டு பேரும் டிரைவிங் ஸ்கூல்காரரும் சேர்ந்து நாற்காலியை இறக்கினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர், "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் வேனில் ஏறப்போனால், முன் சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க?"

"வீடு எங்கன்னு பாத்துட்டு வரேன். நாளைக்கு நீங்க தொலைஞ்சு போயிட்டா நான் எங்க வந்து தேடறது?"

வேன் கிளம்பியது. நான் வரப்போகிற ஞாயிறுகளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு மருந்துக்கடை தெரிந்தது. எங்கேயோ பார்த்த மருந்துக்கடை. அதற்கு அடுத்து ஒரு சலூன். அதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் பெயின்ட் உரிந்த ஒரு நீல கேட்.

"டிரைவர், வழி மாறி வந்துட்டீங்க."

"சரியாத்தான் வந்திருக்கார்" என்றாள் மனைவி.

கேட்டைத் திறந்துகொண்டு, தேய்த்த சட்டையில், கையில் போனோடு என் மாமனார் நின்றார்.

"வாங்க மாப்ளே. சர்க்கரை ரெண்டு ஸ்பூன்தான?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்க நேரமில்லாமல், "கதவுல இடிக்காம, பாத்து, பாத்து" என்று வேன் ஆட்களை வழிநடத்திக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுதான் புதன்கிழமை வந்து போன்ல கணக்குத் தொறந்து குடுத்தா" என்றார் மாமனார். "பேரு மட்டும் நான் வச்சேன்."

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரத் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் உள்ளே போய்விட்டேன். ஜன்னலோரத்து மூலையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். கடைசி மாதங்களில் மாமியாரின் கட்டில் கிடந்த இடம் அது. கட்டிலை எடுத்த பிறகு ஒரு வருஷமாக அங்கே ஒரு சாமானும் வைக்காமல் விட்டிருந்தார். இப்போது நாற்காலியை அங்கே போட்டதும், தான் உட்காரும் மர நாற்காலியை இழுத்து அதன் எதிரே போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு, தூரம் சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். வந்த கோபத்தை வேனோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். பிடி சிக்கியது.

"இடிங்க மாப்ளே. எங்க இடிக்கணும்னு பழகப் பழகத் தெரியும்னு எழுதியிருந்தீங்களே."

இடித்தேன். டீ வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு சுவரைப் பற்றிய வழக்கை ஆரம்பித்தார். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். இரண்டு வீட்டாரும் தங்களுடையது இல்லை என்று சாதிக்கிறார்கள். எனக்கென்ன, பதில் சொல்ல வேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். ஒப்பந்தப்படி கண்ணை மூடினேன். முதல் வாய்தா போயிற்று. இரண்டாவது வாய்தா போயிற்று. தூக்கம் வரவில்லை. மூன்றாவது வாய்தாவில் ஒரு சாட்சி பல்டி அடித்ததும் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"அப்போ சுவர் யாருது மாமா?"

"நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல மாப்ளே."

"இது பதில் இல்ல, கேள்வி."

அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஜன்னலைப் பார்த்தார், இருட்டிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வாய்தா" என்றார்.

அந்த வாரம் அலுவலகத்தில் யார் இறக்கை உடைந்தது, யார் மோட்டார் எரிந்தது என்று எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சுவர் யாருடையது? ஞாயிறு மதியம் அவசர அவசரமாகக் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

ஜன்னலோரத்தில் புத்தம் புதிதாக ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க குளிக்கப் போனப்ப."

"ஏது காசு?"

"பழசை வித்த காசுதான். நல்ல விலை போட்டிருந்தீங்க. 'மாப்பிள்ளைக்கு இங்க ஒண்ணு இருக்கு, உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கோ'ன்னு அப்பாதான் சொன்னாரு."

"சரி சரி, கெளம்பு. பஸ் போயிரும். மாமா காத்துக்கிட்டிருப்பாரு."

அவள் பக்கவாட்டுப் பிடியை இழுத்தாள். சத்தமே இல்லை. முதுகு பின்னால் போயிற்று, கால் முன்னால் வந்தது.

"நான்தான் புதன்கிழமை போய்ட்டு வந்துட்டேனே. விற்பவர் வருவார்னுதான எழுதியிருக்கீங்க? விற்பவர் பொண்டாட்டியும் வருவான்னு எங்கயும் போடலையே. போறப்ப கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க."

மெதுவாகவே சாத்தினேன்.