பாய்லர்காரர் பங்கு போட்ட புகை

அமெரிக்காக்காரன் செய்ததை அரை நாளில் திருப்பூர் மண்ணரையில் செய்து காட்டும் தைரியம் எங்கள் லைன் வீட்டுப் பாய்லர்காரர் ஒருவருக்குத்தான் இருந்தது. சாயப்பட்டறையில் பகலெல்லாம் பாய்லருக்கு விறகு தள்ளுவார். ஊர்ப் புகையில் பாதி அவர் கைவண்ணம். ஆனால் வீட்டுப் பக்கம் புகையைக் கண்டால் ஆகாது.

அதற்குக் காரணம் நான். எட்டு வீட்டு வரிசையில் நடு வீடு எனது. விடிந்ததும் இரண்டு பக்கமும் விறகடுப்பு மூட்டினால் எனக்கு இளைப்பு வந்துவிடும். இடம் மாறாவிட்டால் நெஞ்சு தாங்காது என்றார் டாக்டர். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு நடக்கிற தூரத்தில் வேறு வீடு அகப்படவில்லை. யாரிடமும் சொல்லக் கூச்சம். இருமலை மறைக்க முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்லர்காரர் எல்லோரையும் குழாயடியில் கூட்டினார். அமெரிக்காவில் கரண்டு கம்பெனிகளுக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று அளந்து கொடுத்தார்களாம். குறைவாக விட்டவன் மிச்சத்தை மற்றவனுக்கு விற்கலாம். அளவு வருசா வருசம் குறையும். அப்புறம் ஐரோப்பாவும் பிடித்துக்கொண்டதாம். அவருடைய முதலாளி பல்லடம் பக்கம் போட்ட காற்றாலை விடாத புகையைக்கூட வெளிநாட்டான் விலைக்கு வாங்குகிறானாம்.

"விடாத புகையை எப்படிங்க பொட்டலம் கட்டுவீங்க?" என்றாள் டெய்லரம்மா. கேஸ் அடுப்பு வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

"உங்களுக்குத்தானுங்க லாபம். உங்க டோக்கனை வித்துப்போடுங்க."

டோக்கன் என்பது கம்பெனியில் கழித்த பனியன் லேபிள்; வீட்டுக்கு இத்தனை என்று சமமாகப் பங்கு வைத்தார். ஒரு தடவை விறகடுப்பு மூட்ட எக்ஸெல் லேபிள், பீடி பிடிக்க ஸ்மால். அடுத்தவர் டோக்கனை வாங்க விலை, குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் நம் முறை. அந்த வாரம் டெய்லரம்மா தண்ணீர் வரிசையில் ராணி. பாதி அடுப்பு எரியவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மறு வாரம் அக்கம்பக்கத்து விறகடுப்பெல்லாம் பழையபடி புகைந்தது. பாய்லர்காரர் டோக்கன் கேட்டார். ஆளுக்கு ஒரு கூடை லேபிளைக் காட்டினார்கள். எல்லோரும் பனியன் கம்பெனிக்காரர்கள். லேபிளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிற ஊரில் லேபிளையே டோக்கன் ஆக்கியிருந்தார் மனிதர். ஒரு வீட்டில் தலையணைக்கே எக்ஸெல் அடைத்திருந்தார்கள். டெய்லரம்மா குடத்தோடு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

மூன்றாம் நாள் பாய்லர்காரர் டிரங்குப் பெட்டியோடு என் வாசலில் நின்றார்.

"ஏனுங்க அக்கா, மேக்குக் கடைசியில இருக்கற என்னோட ஊட்டுக்கு நீங்க போயிருங்க. காத்து மொதல்ல அங்கதான் வருது. நான் இங்க இருந்துக்கறேன்."

"உங்களுக்கு?" என்றேன்.

"பாய்லர்கிட்ட பொழைக்கறவனுக்கு இது ஊதுபத்திங்க."

இந்த வீட்டுக்கு எத்தனை டோக்கன் என்று டெய்லரம்மா கேட்டது அவர் காதில் விழாததுபோல் பெட்டியை உள்ளே வைத்தார்.

மேற்கு வீட்டில் என் இளைப்பு மெல்ல அடங்கியது. தினமும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியை அவர் வாசலில் வைத்துவிட்டு, கதவு திறக்கும் முன் ஓடி வந்துவிடுவேன். யார் வைத்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கழுவிய டம்ளர் மட்டும் சாயங்காலம் என் வாசலில் இருக்கும்.