தைலம் வேண்டிக்கொண்ட மொட்டை

செங்கல்பட்டு ஜில்லாவில் விற்ற எண்ணெயில் பாதி, எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருவன் தலையில்தான் போய்ச் சேர்ந்தது. அவன் பெயரே தைலம் என்றாகிவிட்டது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் அம்மா வைத்த பெயர் எங்களுக்கு ஞாபகம் வரும்.

முப்பது வயதுக்குள் முன்மண்டை வெட்டவெளி. எழுபதுகளில் ஆண்பிள்ளைகளெல்லாம் காதை மூடி முடி வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள், வயிற்றெரிச்சல் இருக்காதா? தலையைப் பார்த்தே இரண்டு பெண் வீட்டார் வேண்டாமென்றுவிட்டார்கள். மூன்றாவதாக மகாபலிபுரத்துச் சம்பந்தம் வந்தது. இதுவும் போனால் கல்யாணமே கிடையாது என்று பயந்துபோய், காலேஜ் காலத்துப் போட்டோவை அனுப்பிவிட்டு வைத்தியத்தில் இறங்கினான்.

டாக்டர் ஊசி போட்டார், சத்து மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, "உங்க நைனா தலைய பாரு. அதான் உன் ரிப்போர்ட்டு" என்று கைகழுவினார். பஸ் ஸ்டாண்டு வைத்தியர் வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னார். அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று சுறா ஈரல் எண்ணெய். அதைத் தடவிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான் பாருங்கள், மேனேஜர் அவன் மேஜையைத் தூக்கி வராந்தாவில் போடச் சொல்லிவிட்டார்.

கடைசியில் திருப்போரூர் முருகனிடம் போனான். முடி முளைத்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல்.

"ஏன்டா, மொளச்சத அவருக்கே குடுத்துட்டா உனக்கு இன்னாடா மிஞ்சும்?" என்றேன்.

"சாமிகிட்ட சும்மா கேக்கச் சொல்றியா அண்ணாத்த?"

வெங்காயமோ முருகனோ, உச்சியில் பத்துப் பதினைந்து பூனைமுடி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டபிறகு அவன் அம்மா விடுவாரா? மறுநாள் பெண் பார்க்கப் போகவேண்டும். அன்றைக்கே அவனைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் மழித்து, தலை முழுக்கச் சந்தனம் அப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

பெண் வீட்டுக்குத் துணையாக நானும் போனேன். மொட்டையைப் பார்த்ததும் பெண்ணின் அப்பா கைகூப்பினார். "வேண்டுதலா மாப்ள? இந்தக் காலத்துல இப்டி ஒரு பக்தியா?"

எனக்கு உயிர் வந்தது. மொட்டைக்குள் சொட்டை இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? தாலி கட்டும்வரை வாயைத் திறக்காதே என்று அவன் தொடையைக் கிள்ளினேன்.

பாவி, திறந்தான். "வேண்டுதல்தான் மாமா. ஆனா முன்னால இனிமே வளராது. அந்த போட்டோ பழசு. உங்க பொண்ணாண்ட சொல்லிடுங்க."

பெண்ணின் அப்பா கூப்பிய கையை இறக்கிவிட்டார். உள்கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"வளராட்டி போவுது. காப்பி ஆறிகினு கீது, குடிக்கச் சொல்லுப்பா."

காடு மாதிரி முடி வைத்துக்கொண்டு அவனை அத்தனை நாளும் கிண்டலடித்த எனக்கு, சத்தியமாக அந்தத் துணிச்சல் வந்திருக்காது. தைலத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.