அட்டை வரைகிற பிள்ளை

நல்லமுத்து தோட்டத்து லயத்தில் தன் வீட்டுச் சுவரைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். கரி போகவில்லை. சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

"இன்னைக்கும் அட்டையா?" என்றாள் மனைவி அழகம்மா, கொழுந்துக் கூடையை இறக்கியபடி.

"ஆமா, வரிசையா அட்டை. ஒவ்வொன்னுக்கும் கீழ ரெண்டு சொட்டு ரத்தம் வேற."

தேயிலை மலையில் காலில் ஏறும் அட்டையைத் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிவார்கள். அதைப் போய் ஆசையாக வரைகிற பிள்ளையை அவர் கண்டதில்லை. மகள் ஜீவராணி முன்பெல்லாம் நன்றாகத்தான் வரைந்தாள். கை முளைத்த சூரியன், கோழி, கூடை சுமந்த அம்மா. இப்போது எல்லாம் போய், வாலை இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சுருண்ட அட்டை மட்டும்தான்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஓர் எழுத்துக்கூட வராவிட்டால் இவளுக்கும் கூடைதான். லயத்தில் பாதிப் பேர் சம்பளத்துக்குப் பெருவிரல் வைக்கிறவர்கள். நல்லமுத்து அப்படியில்லை, இடுப்பில் மகளோடு போய், பேனா பிடித்து, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போடுவார். அதைத் தவிர வேறு எதுவும் எழுதவோ வாசிக்கவோ அவருக்கு வராது. நல்லவேளை, அதை யாரும் கேட்டதில்லை.

"ஏன் பாப்பா அட்டைய வரையுற?"

"வரையலப்பா. எழுதுறேன்."

"கேட்டியா அழகம்மா! அட்டைய எழுதுறாளாம்!"

சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். சிலேட்டு நிறைய அட்டை ஊர்ந்தது. அதைப் பிடுங்கினார், அடுப்புக் கரியை எடுத்தாள். கரியை ஒளித்தார், ரொட்டிக்கு வைத்திருந்த மாவைக் கொட்டிப் பரப்பி விரலால் இழுத்தாள். அன்றைக்கு ரொட்டியும் இல்லை, அழகம்மாவின் பேச்சும் இல்லை.

கடைசியில் விசயதசமிக்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்து அம்பலவாணர் வாத்தியார், தட்டில் பரப்பிய அரிசியில் அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார்.

"இனி நீயே எழுது பிள்ளை."

கையை விட்டதுதான் தாமதம், அரிசியில் அட்டை. கோயிலே சிரித்தது.

"கை நல்லா ஓடுது. விடுங்கோ, வரும்" என்றார் வாத்தியார். நல்லமுத்துவுக்கு அது துக்கம் விசாரிப்பது போலவே கேட்டது.

அடுத்த சம்பள நாளில் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வெட்கமாக இருந்தது. ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வரிசையில் நின்றார். கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஆபீஸ் வெளிச்சுவருக்கு முதல் நாள்தான் வெள்ளையடித்திருந்தார்கள்.

"நல்லமுத்து! உடன வெளியில வாரும்!"

வெளியே நின்று கத்தியவர் சம்பளம் கொடுக்கும் கிளாக்கர் முத்துலிங்கம். இத்தனை பேர் நிற்க, தன்னை மட்டும் எப்படிக் கூப்பிட்டார் என்று விளங்காமல் நல்லமுத்து ஓடினார். வாசலிலிருந்து மூலைவரை வெள்ளைச் சுவரில் கரி அட்டைகள். ஜீவராணி சட்டைப் பையில் கரியோடு வந்திருக்கிறாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. எம் மகதாங்க. எழுத்தே வராத பிள்ளைங்க இது. இந்த அட்டையத் தவிர ஒன்னும் தெரியாதுங்க."

முத்துலிங்கம் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட்டையோ? மாதா மாதம் எனக்கு முன்னால நீர் வைக்கிற கையெழுத்தெல்லோ இது!"