ஷாலினியின் கறுப்பு பேட்ஜும் என் கறுப்புச் சட்டையும்

செம்மண்டலம், கடலூர்.

சிதம்பரத்தில் இருக்கும் அன்பு மச்சான் லூர்து பிரகாஷுக்கு மாமா ஆரோக்கியராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் படபடவென்று அடித்துக்கொள்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன்.

உன் மருமகள் மேரி ஷாலினி சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனி லேபில் இருக்கிறாள் அல்லவா? வேலை நேரத்தைக் கூட்டும் சட்டத்தை எதிர்த்துப் போன வாரம் அங்கே எல்லோரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை செய்தார்களாம். மேனேஜர் ராமாமிர்தம், "அரசியல்லாம் கேட்டுக்கு வெளிய வெச்சுக்கங்க" என்று கழற்றச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பேட்ஜ் இல்லை. பெண்கள் அத்தனை பேரும் கறுப்புச் சுடிதார். உடனே, கம்பெனிக்குள் கறுப்பு நிறமே கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உன் மருமகள் சும்மா இருந்தாளா? "சார், நோட்டீசுல எழுத்தே கறுப்பாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், சஸ்பெண்டு!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேனேஜரிடம் கெஞ்சியாவது பார்க்கலாம் என்று, இருந்ததில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டில் செக்யூரிட்டி கோவிந்தசாமி மறித்தான்.

"கறுப்பு போட்டவங்கள உள்ள உடக் கூடாது சார்."

குனிந்து பார்க்கிறேன், பெரிய வெள்ளி துக்கத்துக்கென்று எடுத்த கறுப்புச் சட்டை!

"யோவ், நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்யா!"

"மன்னிப்பையும் வெள்ளச் சட்டையிலதான் சார் கேக்கணும்."

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "என் சட்ட கலர முடிவு பண்ண உங்க மேனேஜர் யாருய்யா? அப்ப என் மீசையையும் கழட்டி வெச்சிட்டுத்தான் வரணுமா?" என்று கத்தினேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கைதட்டி அப்படியே கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், நடுவில் நான்! அடுத்த ஷிப்டும் உள்ளே போகவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த ஷாலினி, "யப்பா, உன்ன யாரு போராடச் சொன்னா? வூட்டுக்குப் போப்பா!" என்கிறாள். "நீ சும்மா இரும்மா, பேச்சுவார்த்தை நடக்குது" என்றேன். கடைசியில் ராமாமிர்தமே கேட்டுக்கு வந்து, சஸ்பெண்டு வாபஸ், நோட்டீசும் வாபஸ், மெஷின் பக்கம் மட்டும் பேட்ஜ் வேண்டாம் என்றார். கேண்டீனில் குத்திக்கொள்ள நாங்கள் அனுமதி வாங்கிவிட்டோம். 'நாங்கள்' என்று எழுதுகிறேன், பார்!

இருந்தாலும் பெற்ற மனசு பயப்படுகிறது. இனி இந்த வீட்டில் யாரும் போராட்டம் என்று வாயெடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீயும் தாய்மாமன் முறையில் வந்து இரண்டு வார்த்தை புத்தி சொல்லிவிட்டுப் போ. உன் வீட்டில் எல்லோருக்கும் மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
ஆரோக்கியராஜ்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உன் அக்கா சவரிமேரி வந்து நிற்கிறாள். "சத்துணவு ஊழியருங்க எல்லாம் நாளையிலேர்ந்து கலெக்டர் ஆபீசு முன்னாடி உக்காரப் போறோம். கோஷம் போட நல்ல கொரலா ஒண்ணு வேணுமாம். உங்க பேரக் குடுத்துட்டேன்" என்கிறாள். நீ வந்தால் வீடு பூட்டியிருக்கும். நேரே அங்கே வந்துவிடு.