முன்வண்டியில் விவியன் லபெல் ஏறிய விவரம்

வில்லோ வளைவு, தெற்கு டகோட்டா
ஜூலை 21

அன்பு மச்சான் கிளாரன்ஸுக்கு, ஆர்லின் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பெர்னிஸும் நலம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அதைப் பற்றி அவளே உனக்குத் தனியாக நாலு பக்கம் எழுதுவாள். அரிசோனா வெயிலில் நீயும் உன் கோல்ஃப் மட்டைகளும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்தது. அல்மீரா போஸ்ட்விக் பெயரில் இருந்த குழந்தை இலக்கியப் பரிசுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்களாம், அந்த அம்மாள் டில்லி என்ற குடியேறிச் சிறுமியின் கதைப் புத்தகங்களில் டகோட்டா பழங்குடி மக்களைப் பற்றி எழுதியது சரியில்லை என்று பத்திரிகையெல்லாம் பேசுகிறதாம், இனிமேல் அந்தப் புத்தகத்தையும் அவள் போடுகிற மாதிரியான டில்லி தொப்பியையும் எவன் வாங்குவான், ஆகவே நம் கடையில் உன் பாதிப் பங்கை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விற்காதே. கார் டிக்கியில் பன்னிரண்டு தொப்பிகளோடு இந்த வியாபாரத்தைத் தொடங்கியவன் சொல்கிறேன், விற்காதே. போன சனிக்கிழமை டில்லி விழாவில் நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

விழா ஊர்வலத்தின் முன்வண்டியில், அதாவது அந்தப் பெரிய கூண்டு வண்டியில், கிளாடிஸ் ஆஸ்பி வருடாவருடம் ஏறிக்கொண்டு மகாராணி மாதிரிக் கையை ஆட்டுவது உனக்குத் தெரியும். 1879-இல் வந்த அவளுடைய கொள்ளுத்தாத்தாதான் இந்த ஊரின் முதல் குடியேறி என்று அவள் பேச்சு. உங்கள் கொள்ளுத்தாத்தா 1878-இலேயே வந்தார் என்பதற்கான நிலப்பதிவுச் சீட்டு போன குளிர்காலத்தில் பெர்னிஸின் பெட்டிக்குள் கிடைத்தது. விடுவேனா? விழாக் குழுத் தலைவர் என்ற முறையில் ஒரு விதி எழுதினேன்: 'இந்த ஆற்று வளைவில் மிகப் பழைய காலத்திலிருந்து வாழும் குடும்பம் தாங்கள்தான் என்று எழுத்துச் சான்றோடு காட்டுபவருக்கே முன்வண்டி.' ஊர்ப் பத்திரிகையில் போட்டேன், கடைக் கண்ணாடியிலும் ஒட்டினேன். கிளாடிஸின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்தே ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று கிளாடிஸ், ஒன்று உன் அக்கா. மூன்றாவது, நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் விவியன் லபெல். டகோட்டா இனத்துப் பெண்மணி, என்னைப் போலவே கையூன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவள். அவள் கொண்டுவந்த சான்று, 1839-இல் அரசாங்க நில அளவையாளர் வரைந்த வரைபடம். அதில் இப்போது நம் கடைக்கு வரும் வாகனங்கள் நிற்கிற அதே இடத்தில், அவளுடைய முன்னோர் ஒருவரின் பெயரைப் போட்டு, 'இவருடைய ஊர், முப்பது வீடுகள்' என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. அவரிலிருந்து தன்வரைக்கும் வம்சாவளியைத் தேவாலயப் பதிவு நகல்களோடு அடுக்கிக் கட்டியிருந்தாள்.

"இந்த மேப் எங்கேம்மா கிடைச்சுது?" என்றேன், விழாக் குழுக் கூட்டத்தில்.

"உங்க கடையிலதான் முதலாளி. தொப்பி அலமாரிக்குப் பக்கத்துல சுருட்டிச் சுருட்டி வெச்சிருக்கீங்களே. பதினஞ்சு வருஷமா விக்கறீங்க, ஒரு தடவையாவது விரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

கிளாடிஸ் மேசையைத் தட்டினாள். "விதிக்கு அர்த்தம் அது இல்ல ஆர்லின்! குடியேறி வந்த குடும்பம்னு அர்த்தம்!"

"அப்ப அப்படி எழுதியிருக்கணும்" என்றாள் விவியன். "நாங்க எங்கயும் குடியேறலம்மா. இங்கயேதான் இருந்தோம்."

"சரி, ஏறட்டும். தலையில என்ன போட்டுக்குவா? டில்லி தொப்பியா?" என்றாள் கிளாடிஸ்.

"நம்ம கடையில எல்லா அளவும் இருக்கு" என்றேன். பழக்க தோஷம் மச்சான், வாயில் தானாக வந்துவிட்டது. விதி என் கையெழுத்தில் இருந்ததால் மீற முடியவில்லை. உன் அக்காவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவள் அசையவில்லை. "கிளாடிஸ் ஏறலல்ல? அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு முழங்காலுக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆயிரத்து எண்ணூறு பேர். விவியன் தன் பெட்ரோல் பங்கின் சிவப்புத் தொப்பியோடு முன்வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக டில்லி முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை ஒலிபெருக்கியில் வாசிக்கும் பாதிரியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டார். உன்னிடம் ஒளிப்பானேன், நாற்பது வருடமாக விற்கிறேன், ஒரு பக்கம் படித்ததில்லை. சோப்புக் கடைக்காரன் எல்லாச் சோப்பையும் தேய்த்துக் குளித்துப் பார்த்தா விற்கிறான்? சத்தமாக ஆரம்பித்தேன்: 'டில்லி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கும் புல். புல்லைத் தவிர ஒரு மனித முகமும் இல்லை. இது நமக்காகவே காலியாக வைத்திருந்த நாடு என்றாள் அம்மா.'

இருபதடி தூரத்தில் விவியன், பள்ளியில் வருகைப் பதிவுக்குத் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள். "இங்க இருக்கேன் முதலாளி!"

புல்தரையில் உட்கார்ந்திருந்த அவளுடைய தங்கைமார் மூன்று பேரும் கையைத் தூக்கினார்கள். "நாங்களும்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது அப்படியே பரவியது. எனக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"நிறுத்திடட்டுமா விவியன்?" என்றேன், ஒலிபெருக்கியிலேயே.

"எதுக்கு? முழுசாப் படிங்க. பாதியில நிறுத்தினா மீதி நல்லாயிடுமா? முடிச்சுட்டுக் குடுங்க, நான் பேசறேன்."

முடித்துக் கொடுத்தேன். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "மூணாம் வகுப்புல டீச்சர் இதைப் படிச்சுக் காட்டினாங்க. எனக்கு டில்லின்னா உசுரு. அவளை மாதிரியே ரெட்டைப் பின்னல் போட்டுக்குவேன். ஆறாவது அத்தியாயத்துல அவ அப்பா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு 'அவங்க வராங்க, உள்ள போ'ம்பாரு. அந்த 'அவங்க' நான்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. வகுப்புலயே பின்னலைப் பிரிச்சுட்டேன். ஆனா புத்தகத்தைத் தூக்கிப் போடல. அப்புறமும் ரெண்டு தடவை படிச்சேன். ஆறாவது அத்தியாயத்துல பல்லைக் கடிச்சுக்குவேன், பனிப்புயல்ல டில்லி பட்டினி கிடக்கற இடத்துல அழுவேன். என்ன பண்றது, சொல்லுங்க?"

மச்சான், பதில் தெரியாத இடங்களில் நான் வழக்கமாகத் தள்ளுபடி அறிவிப்பேன். அன்று அதுவும் தோன்றவில்லை.

அப்போது ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், தலையில் நம் கடைத் தொப்பி, கையில் நம் கடைப் புத்தகம், நேராக வண்டியருகில் போய், "இதுல எழுதிக் குடுங்க" என்று நீட்டினாள். விவியன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில், 'ஒரு மனித முகமும் இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில், 'நாங்கள் இருந்தோம். விவியன் லபெல்' என்று எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பிரதியைக் காரிலிருந்து எடுத்துவர ஓடினார்கள், இல்லாதவர்கள் நம் கடைக்கு ஓடினார்கள். ஐந்து மணிக்குள் முதல் பாகம் அலமாரியில் ஒன்றுகூட இல்லை, அந்த வரைபடமும் இல்லை. கிளாடிஸும் வரிசையில் நின்றாள். அங்கே நிழலாக இருந்ததால் நின்றாளாம். கையில் புத்தகம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆகவே டில்லி செத்துவிட்டாள் என்று எழுதாதே. அவளிடம் இப்போதுதான் ஆட்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பேச்சு இருக்கிற இடத்தில் கூட்டம் இருக்கும், கூட்டம் இருக்கிற இடத்தில் கடை இருக்கும். உன் பங்கை இறுக்கிப் பிடித்துக்கொள். யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே. நான் இருக்கும்வரை அந்தப் பங்கு வேறு கைக்குப் போக விடமாட்டேன், இது சத்தியம்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உன் முதுகுவலியைக் குறைத்து, உன் பந்துகளைக் குழிக்குள் அனுப்புவாராக.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்,
ஆர்லின் கெல்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் விவியன் கடைக்குள் வந்தாள். நீ பங்கை விற்கப் போகும் சேதி உன் அக்கா வழியாக ஊர் முழுக்கப் போயிருக்கிறது. தனக்கு வேண்டும் என்றாள். நீ எதிர்பார்த்ததைவிட நல்ல விலை சொன்னாள். நானும் கையைக் குலுக்கிவிட்டேன். எனவே மேலே 'விற்காதே' என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, சத்தியத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, இத்துடன் வைத்திருக்கும், அவள் கையோடு கொண்டுவந்த பத்திரத்தில் பென்சில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பு. உன்னிடம் சொல்லச் சொன்னாள்: "போன தடவை இந்த இடம் கைமாறினப்போ எங்களை யாரும் கேக்கல. நான் முறையா கேட்டு, விலை குடுத்து வாங்கறேன். எப்படிக் கேக்கறதுன்னு உங்க மச்சானும் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."