எங்கள் தெருக் குழிக்கு மூடி வந்த வரலாறு

பொதுமக்களின் குறையைத் தீர்ப்பது செலவு பிடிக்கிற காரியம். குறை இருப்பதையே மறக்கடித்துவிட்டால் சிக்கனம். இந்த மாபெரும் உண்மையை எங்கள் நகராட்சி கண்டுபிடித்தது. உடனே கோட்டு போட்ட ஒரு பேச்சு நிபுணரை வரவழைத்து, அலுவலர் அனைவருக்கும் 'இணங்க வைக்கும் கலை'யில் பயிற்சி அளித்தார்கள். அதுவரை "போய்ட்டு நாளைக்கு வா" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த வாய்களில் தேன் ஒழுக ஆரம்பித்தது.

அந்தத் தேனில் முதலில் வழுக்கியவள் எங்கள் தெருத் தையல்கார அக்கா. அவள் வாசலில் இருக்கும் சாக்கடைக் குழிக்கு மூடி கிடையாது. அவள் புருஷனுக்கோ மாலைக்கண். பொழுது சாய்ந்தால் எதிரே யானை நின்றாலும் தெரியாது. அவர் வேலை விட்டு வருகிற நேரத்தில் அக்கா தைப்பதை அப்படியே போட்டுவிட்டு, டார்ச்சோடு தெருமுனைக்கு ஓடி, கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். ஒருநாள் அவசரத் துணி ஒன்றால் தாமதமாகிவிட, மனுஷன் ஒரு காலைக் குழிக்குள் விட்டுவிட்டார். செருப்பு போச்சு, கால் தப்பியது. மறுநாளே அக்கா நகராட்சிக்கு ஓடினாள்.

குழிகள் பிரிவு அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"குழி உங்க வாசல்லதானேம்மா?"

"ஆமா சார்."

"மூடி வேணும், அப்படித்தானே?"

"ஆமா சார்."

"நீங்க நியாயமான ஆளுதானே?"

"ஆ... ஆமா சார்."

மூன்று முறை ஆமாம் போட்டவர் நாலாவதுக்கு மறுக்க மாட்டார் என்பது பயிற்சியின் முதல் பாடம்.

"இரும்பு மூடியா, சிமெண்ட் மூடியா? நீங்களே முடிவு பண்ணுங்க."

"இரும்பே இருக்கட்டும் சார்."

"அடடா, என்ன ஒரு தெளிவு! ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. இவ்வளவு வட்டமான குழி இந்த ஊர்லயே உங்க வாசல்லதான் இருக்கு. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கேட்டுப் பார்த்தாங்க, கிடைக்கலை."

அக்கா உச்சி குளிர்ந்து வீடு வந்தாள். "மூடி எங்கேடி?" என்று புருஷன் கேட்ட பிறகுதான் போன காரியமே ஞாபகம் வந்தது.

வெளியில் சொல்லாதே என்றால் போதாதா? தெருவுக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன்னால் குழியைக் காட்டினோம். பக்கத்துத் தெருக்காரர்கள் வயிறெரிந்து, எங்களுக்கும் குழி வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். நகராட்சி மக்கள் விருப்பத்துக்கு மதிப்பளித்து நாலு குழி வெட்டிக் கொடுத்தது. எங்கள் குழிக்குப் பெருமைப் பலகை நட அதிகாரியே நேரில் வந்தார். போட்டோவுக்குச் சிரித்தபடி ஓரடி பின்னால் வைத்தார்.

தொபுக்!

மார்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "யாரும் பதற வேண்டாம்! நான் விழவில்லை. உட்புற ஆய்வு மேற்கொண்டிருக்கிறேன்!" என்று அறிவித்தார். என்ன கடமை உணர்ச்சி! கைதட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம். அக்கா மட்டும் குனிந்து பார்த்தாள்.

"ஏணியா சார், கயிறா? நீங்களே முடிவு பண்ணுங்க."

"ஏணி! ஏணி!"

"அடடா, என்ன ஒரு தெளிவு!" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குழிக்குள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா தாயே! மூடி நாளைக்கே வந்துடும். என் பிள்ளைங்க மேல சத்தியம்!" அதில் எந்தக் கலையும் இல்லை. ஏணி இறங்கியது.

சொன்னபடி மறுநாள் சாயங்காலம் மூடி வண்டியில் வந்தது, கூடவே அதிகாரியும். விடுவோமா நாங்கள்?

"எங்க குழியை மூட நீங்க யாருய்யா?" என்று வண்டியை மறித்தோம்.

"அது வெறும் குழிய்யா! நானே விழுந்தேன்யா!" என்று அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். உண்மை பேசிப் பழக்கமில்லாதவர் திடீரென்று பேசினால் யார் நம்புவது? மூடியைத் தெருவோரம் இறக்கிப் போட்டுவிட்டு அவர் போயே போய்விட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புருஷன் வருகிற நேரம். அக்கா குழியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"சரி விடுங்க. குழி இப்ப அடுத்த தெருவுலயே நாலு இருக்கு. அதிகாரியே சேத்துல நின்னு குடுத்த மூடி ஊர்லயே இது ஒண்ணுதான். அந்தத் தெருக்காரங்க தூக்கிட்டுப் போக வந்துக்கிட்டிருக்காங்களாம். வெளியில சொல்லாதீங்க. நமக்கென்ன..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. மூடியைத் தூக்கும் பாக்கியம் யாருக்கு என்று எங்களுக்குள் அடிதடி. இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது. மூடி குழிமேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அக்காவின் டார்ச் ஆணியில் தொங்குகிறது. சட்டைகளை அவளே தைத்துக் கொடுத்தாள், கூலி வாங்கிக்கொண்டுதான். அவள் புருஷன் தானாகவே வீடு வந்து சேர்கிறார். என்ன, பாவம், இன்னமும் தடுக்கி விழத்தான் செய்கிறார். குழியில் இல்லை, அடுத்த தெருக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று இருட்டினதும் மூடிமேல் காவல் உட்கார்ந்திருக்கிற எங்கள்மேல்.